வரைபடத்துக்கு அம்மை போட்ட நாள்

ஜூன் மாதம். முதல் மணி அடித்தும்
புந்தா அரேனாஸில் விடியவில்லை.
எங்கள் ஊர்ச் சூரியன் தாமதமாக வரும் மாணவன்,
பத்து மணிக்குத்தான் வருகைப் பதிவு.

ஆலோசகர் நெரேயா ஓயார்சுன்
பள்ளியின் வரைபடத்தை மேசையில் விரித்தார்.
சுருண்ட ஓரங்கள்மேல் நான்கு ஸ்டேப்ளர்.
ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு.
"எங்கே பயமோ அங்கே ஒட்டுங்கள்.
பெயர் வேண்டாம்."

யாரும் அசையவில்லை.
"கணக்கு வகுப்பில் ஒட்டலாமா?" என்றான் ஒருவன்.
சிரித்தோம்.
சிரிப்பு அடங்கியபோது
முதல் பொட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது.
யார் கை என்று தெரியவில்லை.

படிக்கட்டின் அடியில், விளக்கு பழுதான திருப்பத்தில்.
தாழ்ப்பாள் இல்லாத மூன்றாம் கழிவறையில்.
உடற்பயிற்சிக் கூடத்தின் பின்சுவரில்,
நீரிணையிலிருந்து வரும் காற்று அங்கே
எந்தக் கூப்பாட்டையும் தின்றுவிடும்.
ஆசிரியர் அறை வாசலிலும் ஒன்று.
நெரேயா அதைப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி பார்த்தார்.
மதியத்துக்குள்
பள்ளிக்கு அம்மை போட்டிருந்தது.

அபெல் கார்கமோ தன் மூன்று பொட்டையும்
ஒரே இடத்தில் ஒட்டினான், ஒன்றன்மேல் ஒன்றாக:
இரண்டாம் தளம், லாக்கர் நூற்றுப் பதினான்கு.

பதினோரு நிமிடம் அவன் அதற்குள் இருந்தான்.
எனக்குத் துல்லியமாகத் தெரியும்,
காணொளியின் நீளம் அது.
எடுத்தவள் நான்.
கத்துவான் என்றுதான் காத்திருந்தோம்.
அவன் தட்டினான், மெதுவாக,
பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்க வந்தவன்போல,
மரியாதையாக.

அவனை உள்ளே தள்ளிய துசான்
பொட்டை வரைபடத்தில் ஒட்டவேயில்லை.
பள்ளி வாசலைத் தாண்டி
ஒரு சாண் தள்ளி
வெறும் மேசைப் பலகைமேல் ஒட்டினான்.
"அங்கே ஒன்றும் இல்லையே" என்றாள் ரோக்ஸானா.
"இருக்கு" என்றான்.
அவன் வீடு அந்தத் திசையில்தான்.
அதற்காக நான் அவனை மன்னிக்கவில்லை.
மன்னிக்கும் சாவியும் என்னிடம் இல்லை.

என் பொட்டுகள் கட்டைவிரலில் ஒட்டிக்கிடந்தன.
இந்தக் கட்டடத்தில் எனக்கு எங்கும் பயமில்லை.
எங்கே நின்று சிரித்தாய் என்று
வரைபடம் கேட்கவில்லை.
லாக்கருக்கு எதிரே, நான்கு தப்படி தூரத்தில்,
ஒரு தரைக்கல்லில்
ஒன்றை வைத்தேன். ஓரம் தூக்கிக்கொண்டது.
நகத்தால் அழுத்தினேன்.

விளக்கு ஒரே வாரத்தில் வந்தது.
கூடத்தின் பின்னால் இப்போது
இடைவேளைதோறும் இரண்டு ஆசிரியர்கள்
காதை மூடியபடி குளிரில் நிற்கிறார்கள்.
இயக்குநர் எங்களோடு உட்கார்ந்து
விதிகளை எழுதினார், எங்கள் சொற்களில்.
நாங்கள் அடித்த வரிகளை அடிக்கவிட்டார்.
தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.
மூன்று முறை மனுக் கொடுத்துவிட்டோம்.

ஆகஸ்டில் அவனிடம் போனேன்.
படம் எடுத்தது நான், அழித்துவிட்டேன்,
ஆனால் வேறு ஐந்து பேரிடம் இருக்கலாம் என்றேன்.
மனப்பாடம் செய்த வாக்கியம், நடுவில் உடைந்தது.
"தெரியும்" என்றான்.
"கதவுக் கீற்றில் உன் ஷூ தெரிந்தது.
மஞ்சள் லேஸ்."
புத்தகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தான்.
நான் குனியவில்லை.
அன்றும் அதே லேஸ்தான் கட்டியிருந்தேன்.

அக்டோபரில் காற்றுக் காலம்.
நகராட்சி சதுக்கத்தின் மூலைகளில் கயிறு கட்டும்,
நடப்பவர்கள் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ள.
யார் பலசாலி என்று கயிறு கேட்பதில்லை.
பள்ளி விட்டு வரும்போது
எனக்கு முன்னால் அபெல்,
தலை குனிந்து, கயிற்றைப் பற்றியபடி.
நானும் பற்றினேன்.
அவன் கையின் அதிர்வு
கயிறு வழியே என் கைக்கு வந்தது.

என்னுடையதும் அவனுக்குப் போயிருக்கும்.
அவன் திரும்பவில்லை.
விட்டுவிடவும் இல்லை.